வனிதாவின் மாத்திரைகள்

பருப்புத் தண்ணீரைச் சல்லடையில் வடித்தால் சரியாக வராது மேடம். அடியில் மாவு நிற்கும். பழைய வேட்டித் துணியைக் கொதிநீரில் அலசிப் பிழிந்து, அதில் இரண்டு தடவை வடிக்க வேண்டும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி அந்தப் பக்கம் விரலை வைத்தால் ரேகை தெரிய வேண்டும். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வந்தவர்களுக்கு முதல் வாரம் அப்படித்தான் கொடுக்க வேண்டும். என் மனைவி வனிதாவுக்கு நான் அப்படித்தான் கொடுத்தேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். என் பெயர் எல்லப்பன். வயது நாற்பத்து நான்கு. குன்னூரிலிருந்து பர்லியாருக்கு இறங்குகிற வழியில், ரோட்டிலிருந்து நூற்றுப்பத்துப் படி ஏறினால் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகள். தேயிலை ஃபேக்டரியில், இலையை உலர்த்துகிற டிரையரில் நிற்பது என் வேலை. இலை விலை விழுந்த பிறகு ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. மற்ற நாள் வீட்டில் இருப்பேன். எங்கள் வீட்டில் சமையல் எப்போதும் நான்தான்.

வனிதா கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள்தான். இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போன பிறகு உடம்பு போட ஆரம்பித்தது. முப்பத்தாறு வயதில் நூற்றிருபத்து நான்கு கிலோ. சர்க்கரை, முட்டிவலி, படுத்தால் மூச்சுத்திணறல். கடைசி இரண்டு வருஷமாக அவள் படி இறங்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். தலைக்கு ஊற்றி விடுவது, கால் நகம் வெட்டுவது, செருப்பு மாட்டி விடுவது எல்லாம் நான். ஒரு நாளும் எனக்கு அது கஷ்டமாக இருந்ததில்லை. இப்படி ஒரு புருஷன் கிடைக்க வேண்டும் என்று லைனில் எல்லாப் பெண்களும் சொல்வார்கள்.

அப்படிச் சொன்னவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எங்கள் லைனில் பதினெட்டு வீடு. ஒரே வருஷத்தில் பதினொன்றில் பூட்டு. எல்லாரும் திருப்பூர், பனியன் கம்பெனி. யார் போனாலும் எங்கள் வாசலில் நின்றால் கீழே வளைவில் அவர்கள் ஏறிப்போகிற பஸ் தெரியும். அது மறைகிறவரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே வருவேன். வனிதா நாற்காலியில் இருப்பாள். எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அவளுடைய அக்கா சுசீலா திருப்பூரில் இருக்கிறாள். ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தது, செலவு பார்த்தது எல்லாம் அவள்தான். வயிற்றில் பெரும்பகுதியை வெட்டியெடுத்து வாழைப்பழம் அளவுக்குக் குறுக்கித் தைக்கிற ஆபரேஷன். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. நான் தடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டது நான்தான், பேப்பரில் பார்க்கலாம்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டயட்டீஷியன் கீர்த்தனா மேடம் அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். சின்னப் பெண், ஆனால் பொறுமையான பெண். முதல் வாரம் தெளிந்த தண்ணீர், அடுத்த வாரம் மோர், பால், மூன்றாவது வாரம் மசித்தது. ஒரு கரண்டி கொடுத்தால் அடுத்த கரண்டிக்கு இரண்டு நிமிஷம் விட வேண்டும். வனிதா வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அதனால் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசியாக மாத்திரை டப்பாவைக் கையில் கொடுத்துச் சொன்னார்.

"அண்ணா, இந்த பி-ஒன் வைட்டமின் மாத்திரையை ஒரு நாள்கூட விட்டுடாதீங்க. வாந்தி வந்து ரெண்டு நாள்ல நிக்கலைன்னா உடனே கூட்டிட்டு வந்துடுங்க. சத்து குறைஞ்சா முதல்ல பார்வை ரெண்டு ரெண்டாத் தெரியும். அப்புறம் நடை தள்ளாடும். அப்புறம் ஞாபகம் போயிடும். சீக்கிரம் வந்தா ஊசியிலயே சரி பண்ணிடலாம். லேட்டானா போன ஞாபகம் திரும்பாது."

இதையும் எழுதிக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் நான் பார்த்துக்கொண்ட மாதிரி எந்த நர்ஸும் பார்த்திருக்க மாட்டாள். பதினொரு கிலோ குறைந்தது. முதலில் வாசல்வரை நடந்தாள். பிறகு குழாயடிவரை. பக்கத்து வீட்டுத் தெய்வம்மா இலங்கையில் பிறந்த கிழவி, லைனை இன்னும் லயம் என்றுதான் சொல்லும். அது வனிதாவின் கன்னத்தைப் பிடித்துப் பார்த்து, "இந்த லயத்துல உன் மொகத்த வெயில்ல பாத்து எத்தன காலம் புள்ள" என்று அழுதது. வனிதாவும் அழுதாள், சிரித்தாள். நான் உள்ளே போய்ப் பால் காய்ச்சினேன்.

பதினாறாம் நாள் அவள் தானாகச் செருப்பு மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்பது படி இறங்கினாள். நான் ஃபேக்டரியிலிருந்து வரும்போது படியில் உட்கார்ந்து சுசீலாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "மூணு மாசம் போகட்டும் அக்கா. உட்கார்ந்து செய்யிற வேலைன்னா நான் செய்வேன்" என்றாள். என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஏனுங்க, இங்க இனி என்ன இருக்குது? நாம திருப்பூர் போயிரலாமுங்க. அங்க கேன்டீன்ல சமையலுக்கு ஆள் கேக்குறாங்களாமா. உங்க கைப்பக்குவத்துக்கு உடனே எடுத்துக்குவாங்க."

"பார்க்கலாம்" என்றேன்.

நாம என்றுதான் சொன்னாள். ஆனால் வா என்று கூப்பிடுகிறவர்கள் மனசளவில் ஏற்கெனவே கிளம்பிவிட்டவர்கள் மேடம். நான் வராவிட்டாலும் அவள் போயிருப்பாள். அப்படி அவள் சொன்னாளா என்று கேட்டீர்கள். சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மாத்திரையை நான் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது வழக்கம். பொடித்த பிறகு எது எது என்று தெரியாது. மறுநாளிலிருந்து, வாயுத்தொல்லைக்கு விற்கிற வெள்ளை மாத்திரையைப் பொடித்தேன்.

"ருசி மாறியிருக்குதுங்களே" என்றாள்.

"வேற கம்பெனி" என்றேன். அதோடு கேட்கவில்லை. என்னை அவள் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

மசித்த சாப்பாடு ஆரம்பிக்க வேண்டிய வாரத்தில் அதை ஆரம்பிக்கவில்லை. குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தேன். கரண்டிக்கும் கரண்டிக்கும் நடுவில் விட வேண்டிய இரண்டு நிமிஷத்தை விடவில்லை. அவ்வளவுதான். சின்ன வயிறு, உடனே வாந்தி வந்துவிடும். முதலில் ஒரு வேளை, பிறகு எல்லா வேளையும். சட்டியைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன். "உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு" என்பாள்.

கீர்த்தனா மேடம் வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்வார். வனிதா தூங்குகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், வாந்தி இல்லை என்று சொன்னேன். சுசீலா கூப்பிட்டாலும் அதேதான். வனிதா போனைக் கேட்டால், மலையில் டவர் இல்லை என்பேன். பாதி நாள் அது உண்மைதான்.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில், குழாய் ஏன் இரண்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு நாளில் நடை தள்ளாடியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாள். தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். எடை குறைந்திருந்ததால் தூக்க முடிந்தது. அதற்கு முன்னால் பத்து வருஷமாக நான் அவளைத் தூக்கியதில்லை. அன்று சாயங்காலம், அம்மா எங்கே என்று கேட்டாள். அவளுடைய அம்மா செத்து ஏழு வருஷம்.

தெய்வம்மா கத்தியது. "என்ன எல்லப்பா பாத்துக்கிட்டு நிக்கிற? ஆசுபத்திரிக்குக் கொண்டு போப்பா."

"டாக்டர்கிட்ட பேசிட்டேன் பாட்டி. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமாம்."

குழாய் இரண்டாகத் தெரிந்த நாளிலிருந்து மொத்தம் ஒன்பது நாள் நான் அவளை வீட்டில் வைத்திருந்தேன். ஏன் ஒன்பது நாள் என்று நேற்று இரண்டு தடவை கேட்டீர்கள். சீக்கிரம் கொண்டுபோனால் ஊசியில் சரியாகிவிடும் என்று கீர்த்தனா மேடம் சொல்லியிருந்தார். அதனால்தான்.

ஒன்பதாம் நாள் தெய்வம்மா யாரிடமோ போன் வாங்கி சுசீலாவுக்குச் சொல்லிவிட்டது. மதியத்துக்குள் சுசீலா கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நானும் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு படி இறக்கினேன். கோயம்புத்தூரில் ஊசி போட்டார்கள். பார்வை சரியாகிவிட்டது. பிடித்துக்கொண்டால் நடக்கிறாள். பழையது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. புதிதாக எதுவும் தங்கவில்லை. பத்து நிமிஷம் முன்னால் யார் வந்தது, என்ன சாப்பிட்டது, தெரியாது. இனி வராது என்றுதான் டாக்டர் சொன்னார்.

ரத்தத்தில் அந்தச் சத்து துளிகூட இல்லை என்று பார்த்து, மாத்திரை கொடுத்தார்களா என்று கீர்த்தனா மேடம் கேட்டதும், சுசீலா எங்கள் வீட்டில் தேடியிருக்கிறாள். சமையலறைப் பரணில் ரஸ்க் டின்னில் மாத்திரைகள் முழுசாக இருந்தன. நான் எறிந்திருக்கலாம். நல்ல மருந்தைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை.

கொல்ல நினைத்தேன் என்று எழுத வேண்டாம் மேடம். அது பொய்யாகிவிடும். அவள் சாக வேண்டும் என்று ஒரு கணமும் நினைத்ததில்லை. மாத்திரையை மாற்றினேன், வாந்தியை மறைத்தேன், ஞாபகம் போகிறவரைக்கும் காத்திருந்தேன். இந்த மூன்றையும் தெரிந்தே செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வந்து என்னைக் கூட்டிப்போவதற்கு முந்தின நாள் நான் ஆஸ்பத்திரியில் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து, "ஏனுங்க, எப்ப வந்தீங்க? சாப்பிட்டீங்களா?" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பாள். மறுபடி திரும்பி, அப்போதுதான் என்னைப் பார்க்கிற மாதிரி அதே சந்தோஷத்தோடு, "ஏனுங்க, எப்ப வந்தீங்க?" அன்று சாயங்காலத்துக்குள் எத்தனை தடவை என்று எண்ணவில்லை. சுசீலா தாங்க முடியாமல் வெளியே போய்விட்டாள். நான் ஒவ்வொரு தடவையும், இப்பத்தான் வந்தேன் என்று பதில் சொன்னேன்.

கெடுதல் செய்தவனைப் பார்த்து ஒருத்தி அப்படிச் சிரிப்பாளா மேடம்?