என் பேர்ல வந்த கதை

இல்ல சார், டீ வேணாம். தீர்ப்பு தப்புன்னு சண்டை போட வரல. மாஹிராவுக்கு முதல் பரிசு குடுத்திருக்கீங்க, சந்தோஷம். அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குன்னுதானே பாக்கறீங்க? பொறாமைதான் சார், மறைச்சு என்ன ஆகப் போவுது. நான் பதினோரு வருஷமா எழுதறேன். அவ நம்ம வாசகர் வட்டத்துக்கு வந்து பத்து மாசம்கூட ஆகல. அனகாபுத்தூர்ல பிளவுஸ் தைக்கறவ. வந்த அன்னைக்கே உதயாக்கா, உதயாக்கான்னு ஒட்டிக்கிட்டா.

முதல் பரிசுக் கதையைப் பத்தி நேத்து குரூப்ல எழுதியிருந்தீங்களே, அதுக்குத்தான் வந்தேன். பாத்திரம், களம், முரண்னு மூணா பிரிச்சு அழகா எழுதியிருந்தீங்க. ஆனா கதையில கொலை பண்ற அந்தப் பொம்பளையை ஈவு இரக்கமில்லாதவன்னு போட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு ஆறல. காலையில தண்ணி லாரி வந்துட்டுப் போனதும் தரைக்கடியில இருக்கற தண்ணித் தொட்டி, அந்த சம்ப் மூடியைத் திறந்தே விட்டு, மேல ஒரு கோணியை விரிச்சு வைக்கறா. கீழ்வீட்டு தீபா அதுல கால் வெச்சு உள்ள விழுந்து செத்துப் போறா. கொலைதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஏன் செஞ்சா? பில்டிங்ல எது நடந்தாலும் தீபாவைக் கேளு, தீபாகிட்ட சொல்லு. இவ பன்னெண்டு வருஷமா அதே மாடியில இருக்கா, எதிர்வீட்டுக்காரிக்குக்கூட இவ பேரு தெரியாது. அது வயித்தெரிச்சல் சார். அந்த எரிச்சல் வந்தவங்களுக்குத்தான் தெரியும்.

முரண் நல்லா பிடிச்சீங்க. மூணு நாள் அவளும் அதே தண்ணியிலதான் அரிசி கழுவறா. கடைசியில நாத்தம் வருதுன்னு முதல்ல புகார் குடுக்கறதும் அவதான். அன்னைக்குத்தான் அசோசியேஷன் குரூப்ல எல்லாரும் அவ பேரைப் போட்டு நன்றி சொல்றாங்க. ஆமா, அந்த இடம் நல்லா வந்திருக்கு.

களம்தான் உங்களுக்கு உறைக்கல. அனுபவிச்சு எழுதினதுன்னு போட்டிருந்தீங்க. யார் அனுபவிச்சது? அனகாபுத்தூர்ல மழை வந்தா ஆறே வூட்டுக்குள்ள வரும் சார். லாரியும் சம்ப்பும் எங்க மேடவாக்கத்துக்காரங்க தலையெழுத்து. லாரிக்காரன் ஹோஸை எந்தப் பக்கமா இழுப்பான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

திருட்டா? ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. அடுத்தவங்க நூல்கண்டைக்கூடத் தொடமாட்டா. சரி, சொல்லிடறேன். அந்தக் கதை நான் எழுதினது.

அவளுக்குத் தமிழ் டைப்பிங் வராது சார். தைச்சுக்கிட்டே வாய்ஸ் நோட்ல கதை சொல்லுவா. மிஷின் சத்தத்துக்கு நடுவுல நிறுத்தி நிறுத்திக் கேட்டு நான் அடிச்சுக் குடுப்பேன். இந்தப் போட்டிக்கும் அவ கதை, என் கதை ரெண்டையும் நான்தான் மெயில்ல அனுப்பினேன்.

நேத்து நீங்க எழுதினதைப் படிச்சுட்டு போன் பண்ணா. ஒரே அழுகை. அக்கா, நான் ஜெயிக்கணும்னு உங்க கதைக்கு என் பேரைப் போட்டீங்களா, கூடப்பிறந்தவகூட இப்படிச் செய்யமாட்டாளேன்னு. இன்னைக்கு நாலு மணிக்கு மேடையில மைக்கைப் பிடிச்சு எல்லார்கிட்டயும் சொல்லப் போறாளாம். தன் கதை என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல சார்.

பெரிய மனசா? நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா.

என் பேர்ல ஒரு கதை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? இல்லையா? சட்டைக் கதை சார். அண்ணனை வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு, நீலக் கட்டம் போட்ட சட்டைதான் போட்டிருந்தான்னு தம்பிக்காரன் போலீஸ்ல எழுதிக் குடுக்கறான். நாலு மாசம் கழிச்சு அதே சட்டையைத் தன் அளவுக்குப் பிடிச்சுக் குடுங்கன்னு தையல்காரிகிட்ட கொண்டு வரான். அதைத் தைச்சவளே அவதான். தையலைப் பாத்ததும் தெரிஞ்சு போவுது. ஊசியில நூலைக் கோத்துக்கிட்டு, தோளைக் காட்டுங்க தம்பின்னு சொல்றா, அவ்வளவுதான் கதை. அதைக் கேட்டுட்டு எனக்கு அன்னைக்கெல்லாம் சோறு இறங்கல. பதினோரு வருஷத்துல அப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்ல.

முதல் ரவுண்ட்லயே தள்ளிட்டீங்களா? அதையா?

வந்த கதையெல்லாத்தையும் ஹால்ல மேஜை மேல வைக்கப் போறீங்களாமே, யார் வேணா எடுத்துப் படிக்கலாம்னு. அந்தக் கட்டுதானே அது? கொஞ்சம் பிரிச்சு அந்தச் சட்டைக் கதையை மட்டும் என் கையில குடுத்துடுங்க சார். அவ கண்ணுல படக்கூடாது. அவளோடதுதான் ஜெயிக்கும்னு நினைச்சு அதுல என் பேரைப் போட்டுக்கிட்டு, என்னோடதை அவ பேர்ல தள்ளி விட்டேன்.