கோட்டையிலிருந்து வந்த கடிதங்கள்

சுவாமி,

கனடாவின் மேற்கே சஸ்கச்சுவான் ஆற்றங்கரையில் அந்தக் காலத்துத் தோல் வியாபாரிகள் கட்டிய கோட்டைகளின் பெயர்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். கார்ல்டன், பிட், எட்மன்டன், மலையடியில் ரொக்கி மவுண்டன் ஹவுஸ். மொன்றியலில் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டீர்கள். தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொன்னேன். அது பொய்.

நேற்று ஒருவன் கோவிலுக்குத் தொலைபேசி எடுத்து, தான் இந்த அருமைநாதனின், என், மகன் டனிஸ்ரன் என்றும், அம்மா எப்படி இருக்கிறா என்றும் கேட்டதாகச் சொன்னீர்கள். இது எப்படி என்று என்னிடம் கேட்டீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஐந்து வருடங்களுக்கு முன் அவனுடைய ஆன்மாவுக்காக முப்பத்தோராம் நாள் பூசையை வைத்தவர் நீங்கள். ஆகவே நடந்ததை எழுதித் தருகிறேன்.

எண்பத்து நாலில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் அக்கரைக்குத் தப்பிப் போனபோது அவனுக்கு இரண்டு வயது, கடும் காய்ச்சல். பிழைத்தால் பிள்ளையைக் குருவாக்குவேன் என்று என் மனைவி செலீன் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். பிழைத்தான். நாங்கள் மொன்றியல் வந்தபின் வளர்ந்து, இங்கே குருமடத்திலும் சேர்ந்தான். அன்றிலிருந்து செலீன் கோவிலில் முன் வாங்கில் இருக்கத் தொடங்கினாள்.

இரண்டாயிரத்து மூன்று கோடையில் அவன் குருமடத்தில் விடுமுறை என்று மட்டும் சொல்லி, அதை விட்டுவிட்டு மேற்கே போனான். பழைய கோட்டை ஒன்றில் அந்தக் காலத்து வியாபாரியைப்போல உடுத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலை. என்னிடம் மட்டும் தொலைபேசியில் சொன்னான். "அப்பா, எனக்கு ஏலாது. அம்மாட்ட நீங்களே சொல்லுங்கோ."

நிதானமாக யோசித்தேன். குருமடத்தை விட்டு ஓடியவனின் தாயைப் பற்றி எங்கள் சனம் என்ன கதைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நேர்த்தி தவறிவிட்டதென்று அவளே தன்னைத் தின்று தீர்த்திருப்பாள். குருமாணவனாகவே இறந்தவனின் தாய்க்கு அந்தக் குறை இல்லை. விடுமுறைக்குப் போன இடத்தில் ஆறு அவனைக் கொண்டுபோய்விட்டது, உடல் கிடைக்கவில்லை என்று செலீனிடம் சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. நம்பினாள்.

மகனிடம், "கொம்மா உன்ர குரலைக் கேக்க விரும்பேல்லை. கடிதம் எழுது, பேந்து ஆறிவிடுவா" என்றேன். தொலைபேசி எண்ணை மாற்றினேன். பியர்பொன்ட்ஸில் எங்கள் தெருமுனைத் தபால்பெட்டிப் பூட்டின் திறப்பு என்னிடம்தான் இருந்தது.

பதினொரு கடிதங்கள். எல்லாம் அம்மாவுக்கு. பீவர் என்ற நீர்விலங்கின் தோல்களை எப்படி அமுக்கிக் கட்டினார்கள், எந்தக் கோட்டை எந்த வளைவில் இருந்தது என்றெல்லாம் எழுதுவான். ஒன்றில் இப்படி இருந்தது: "அம்மா, இஞ்ச இருந்த ஆக்களுக்கு வருசத்துக்கு ஒருக்காத்தான் கடிதம் வருமாம். அதுவும் மொன்றியலில இருந்து, வள்ளத்தில. நீங்கள் எழுதேல்லை எண்டு எனக்குக் கோவமில்லை. பாத்துக்கொண்டிருப்பன்." அதை வாசித்து நான் விமான நிலையக் கழிப்பறையில் நின்று அழுதேன். பிறகு வேலைக்குப் போனேன்.

இந்த வருடம் மாசியில் செலீனுக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். கடைசி வாரம், நீங்கள் நற்கருணை நன்மை கொடுத்துவிட்டுப் போனபின் என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, எனக்குப் பயமில்லை. பிள்ளையிட்டத்தானே போறன். அவன் எனக்காகப் பாத்துக்கொண்டிருப்பான்."

பதினோராவது கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. அதில் அவனுடைய தொலைபேசி எண்ணும் இருந்தது. எட்மன்டனிலிருந்து வரும் விமானங்களின் பெட்டிகளை இறக்குகிறவன் நான். அழைத்திருந்தால் மறுநாளே அவள் கட்டிலருகில் நின்றிருப்பான். ஆனால் அவள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. மூன்று நாள் உயிரோடு இருந்தாள். மூன்று நாளும் நான் பக்கத்திலேயே இருந்தேன்.

கடிதங்கள் முழுவதையும் அவளுடைய சவப்பெட்டிக்குள் காலடியில் வைத்தேன். உரியவளிடம் சேர்த்துவிட்டேன். மகன் வந்தால் இதை அவனுக்குச் சொல்லுங்கள்.

ஒன்றுதான் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை. அவள் மோட்சத்துக்குப் போய் அவனைத் தேடியிருப்பாள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டிருப்பாள். அவன் இங்கே இல்லை என்று யாராவது அவளுக்குப் பக்குவமாகச் சொல்லியிருப்பார்கள்தானே, சுவாமி?