ஒன்பதாம் விதியும் ஒரு பீப்பாயும்

ருசியை இவ்வளவு நுட்பமாக அறிந்த நாக்குக்கு, பக்கத்தில் நிற்பவரின் பசி ஏன் தெரிவதில்லை? எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவே இந்த மேடைக்கு வந்தேன்.

தலைமையேற்று அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, நாளைய உணவுக் கண்காட்சிக்காக இன்றே தானியம் ஊறப்போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் ஐம்பத்துமூன்று பாத்திரங்கள். நம் மண் தந்த கீரை எத்தனை, கிழங்கு எத்தனை, அரிசியின் நிறம்தான் எத்தனை! ஒரே நடுவர் நான். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சுவைத்தேன். பிறகு உலகப் பசியைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் அதை ரசித்தேன்.

அதன் பிறகு நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

கண்காட்சிக்கு ஒன்பதாம் விதி என்று ஒன்று உண்டு. நடுவர் சுவைத்த உணவை வேறு யாரும் உண்ணக்கூடாது. பீப்பாயில் கொட்டி, பினாயில் ஊற்றி அழிக்க வேண்டும். யாருக்காவது உடம்புக்கு வந்தால் கல்லூரிக்குக் கெட்ட பெயராம். அந்த விதியை எழுதிய புண்ணியவதி யார்?

பின்வரிசையில் "நீங்களா?" என்று ஒரு குரல். ஆமாம், நானேதான்.

அன்று கூட்டம் கலைந்ததும் மண்டபம் பெருக்கும் அக்கா என்னிடம் வந்தார். மூன்றாவது மேசையைக் காட்டினார்.

"டீச்சர், அந்தக் கிழங்குல ஒரு கரண்டிதான் கொறஞ்சிருக்கு. டப்பாவுல எடுத்துக்கவா?"

விதியைச் சொன்னேன். நாளைக்கு வயிற்றுவலி என்றால் யார் பொறுப்பு என்றும் கேட்டேன்.

"வந்தா உங்ககிட்ட வந்து நிக்க மாட்டேன், டீச்சர்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்தபடியே பினாயில் புட்டியை அவர் கையில் கொடுத்தேன். கீரையைக் கொட்டினார். கிழங்கைக் கொட்டினார். தாய்மார்களே, உங்கள் விடியற்காலைகளைக் கொட்டினார். கொட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஒரு மூடி போதுமா டீச்சர், ரெண்டு ஊத்தணுமா?"

"ரெண்டு" என்றேன்.

வேண்டாம், கைதட்டாதீர்கள். இது கைதட்டும் இடமில்லை. கடல் கடந்த பசிக்குக் கண்கலங்கத் தெரிந்த எனக்கு, கைக்கெட்டும் தூரத்துப் பசி எப்படிக் கண்ணில் படாமல் போனது? எத்தனை வகை உணவு என்று எண்ணத் தெரிந்த நமக்கு, எத்தனை பேர் உண்ணவில்லை என்று கேட்க ஏன் தோன்றவில்லை? உண்ண ஆளில்லாமல் பீப்பாயில் அழுகும் உணவுக்கு வகை எதற்கு, வண்ணம் எதற்கு, வாழ்த்து எதற்கு?

முதல்வர் அவர்களே, ஒன்பதாம் விதியை இன்றே நீக்குங்கள். சமைத்தவர், பெருக்கியவர், பார்க்க வந்தவர் எல்லோரும் ஒரே பந்தியில் உண்ணட்டும். நீக்காவிட்டால் நாளை என் கரண்டி எந்தப் பாத்திரத்தையும் தொடாது.

என் வெட்கத்தைப் பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. மனத்தாங்கல் ஏற்பட்டிருந்தால் அதுவும் என்னையே சேரட்டும். வணக்கம்.

பேச்சை அச்சுக்குத் தரும்போது, மறுநாள் நடந்ததையும் எழுதுவதே முறை.

கண்காட்சிக் குழு கூடாமல் விதியை மாற்ற இயலாது என்றார் முதல்வர். அதனால் நான் எதையும் சுவைக்கவில்லை. நடுவர் சுவைக்காத உணவை அந்த விதி தொடாது. ஆகவே எல்லோரும் உண்ணலாம் என்று அறிவித்தேன். பரிசு யாருக்கும் இல்லை. மூன்று நாள் மெனக்கெட்டு இதைச் செய்தேனே, எப்படியிருக்கிறது என்றாவது சொல்லக்கூடாதா என்று ஓர் அம்மா கோபித்துக்கொண்டார். அந்தக் கோபம் நியாயமானது. மதியம் ஒரு மணிக்குள் பாத்திரங்கள் காலி.

பந்தியில் உட்காரச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டேன். இன்னும் இரண்டு மாடி பெருக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார். ஒரு டப்பாவில் மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். மூடியை அழுத்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எங்கயாவது கையெழுத்துப் போடணுமா, டீச்சர்?"