உப்புத் தண்ணியா, செல்லா?

— ஏன் மறுபடியும் நின்னுட்ட, நார்பர்ட்?

— இந்த க்ரூகர் வீட்டு வேலியைப் பாரேன், அர்லீன். இதெல்லாம் ஒரு பெயிண்ட்டா?

— போன வீட்டுல பூசணிக்காய் சரியில்லன்ன. அதுக்கு முந்தின வீட்டுல தபால் பெட்டி கோணல்ன்ன. சர்ச்சுல மீன் வறுவல் தீர்ந்துடும், நடய்யா!

— சர்ச்சு எங்க ஓடிப்போகுது... மேட்டு மேலதானே இருக்கு.

— உன் வீட்டுக்காரர் எங்களை வேவு பாக்குறாரான்னு தெருவே கேக்குது. மானம் போகுது.

— ஊசி போட்டதுலேர்ந்து கண்ணு கூர்மையாயிடுச்சு.

— நெஞ்சு வலிக்குன்னு ஊசி நெஞ்சுலதானே போட்டாங்க?

— ஸ்டெம் செல்லுக்கு வழி சொல்லியா தரணும்? என் ரத்தத்துலேர்ந்தே எடுத்தது. கெட்டிக்காரச் செல்லு.

— செல்லுதான்னு யார் சொன்னா? அது சோதனைதானே, பாதிப் பேருக்கு செல்லு, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதுன்னு அன்னிக்கே சொன்னாங்கல்ல?

— உப்புத் தண்ணி ஏத்துன ஆளு இப்படி மேடு ஏறுவானா? பாரு...

— நில்லு, நில்லு! அடுத்தவங்க வீட்டுப் படியில ஏன் உக்கார்ற?

— ஷூ கயிறு அவுந்து...

— நீ போட்டிருக்கறது கயிறே இல்லாத பூட்ஸு. மூஞ்சி வெளுத்துப் போச்சே. வலிக்குதா?

— சேச்சே.

— என்னைப் பாத்துச் சொல்லு.

— ...கொஞ்சம்.

— எப்பலேர்ந்து?

— அது போகவே இல்லடி. ஊசி போட்ட மறுநாள் "எப்படி இருக்கு"ன்னு கேட்டியே... உன் ஆசையைப் பாத்ததும் "வலி பறந்துடுச்சு"ன்னுட்டேன். நீ ஃபாதர்கிட்ட சொன்ன. அவர் பூசையில அற்புதம்னு அறிவிச்சுட்டாரு. ஊரே கைதட்டுச்சு. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இல்லன்னு சொல்றது?

— அட பாவி மனுஷா...

— சரி விடு. எத்தனையோ பேருக்கு அந்த ஊசி கேக்குதாம், எனக்குக் கேக்கல. அவ்வளவுதான். நீ ஏன் இப்படி அழுற?

— போன மாசம் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. சோதனை முடிஞ்சுதாம். உனக்குப் போட்டது உப்புத் தண்ணிதானாம்.

— அப்படியா! ஏன் எங்கிட்ட சொல்லல?

— தெரிஞ்சா போன வலி திரும்பி வந்துடுமோன்னு பயந்துட்டேன்...

— வேற என்ன சொன்னாங்க?

— இப்ப நிஜ செல்லே போடறோம், வரச் சொல்லுங்கன்னாங்க.

— நீ என்ன சொன்ன?

— அவருக்குத்தான் வலியே இல்லையே, அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னுட்டேன்.