மஞ்சள் காதுவில்லை

மாலை ஆறே முக்கால். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏரிக்கரை மேல் போகிற மண்சாலை. ஆள் இல்லை, விளக்கு இல்லை. மேற்கே மலை கறுத்து நின்றது...

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நம் குடும்பத்தில் நடந்ததல்ல. என் நண்பர் ராஜேந்திரனின் மைத்துனர் ஒருவர், கால்நடை டாக்டர். பெயர் வேண்டாம். மானமுள்ள குடும்பம்.

"நம்ம சித்தப்பாவும் மாட்டு டாக்டர்தானேப்பா?" என்றாள் என் மகள் அபிநயா. மின்சாரம் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. மெழுகுவர்த்தியைச் சுற்றி எல்லோரும் நெருங்கி உட்கார்ந்திருந்தோம்.

"அவனுக்கு ஜுரம். உள்ள தூங்கறான். சத்தம் போடாத."

அன்று கோமாரித் தடுப்பூசி முகாமின் இருபத்தோராம் நாள். ஊசி போட்டு, காதில் மஞ்சள் வில்லை குத்தி, உரிமையாளர் பெயரைப் பதிந்து... இப்படி நூற்றுப் பத்து மாடுகள். டாக்டருக்குத் தோள்பட்டை மரத்துப்போயிருந்தது. ஏரிக்கரையில் ஒரு கிழவி வண்டியை மறித்தாள்.

"டாக்டரே, ஒண்ணு மிச்சம் இருக்குது. வாயெல்லாம் புண்ணு. தண்ணி கூட குடிக்க மாட்டேங்குது."

இடிந்த மண்டபம் ஒன்றுக்குள் அழைத்துப் போனாள். இருட்டு. சாண வாடை இல்லை... கற்பூரமும் பச்சை ரத்தமும் கலந்த வாடை. அசதியில் அவர் டார்ச்சைக்கூட எடுக்கவில்லை. வழக்கம்போல் வாய்க்குள் கையை விட்டார். நாக்கில் புண். பற்கள்... இரண்டு வரிசை. நாக்குக்கு அடியில் ஏதோ உருண்டது.

கட... கட...

கல் உருண்டை. கோயில் தூணில் யாளியின் வாயில் கிடக்குமே, அதே.

ஓடியிருக்கலாம். ஓடத் தெம்பில்லை. போரிக் பவுடரைக் கிளிசரினில் குழைத்துப் புண்ணில் தடவினார். பழகிய கை, தானாகவே காதில் வில்லையைக் குத்திவிட்டது. உரிமையாளர் பெயரைக் கேட்கத் திரும்பினார். கிழவி இல்லை. பதிவில் பெயருக்கான இடத்தைக் காலியாக விட முடியாது. தன் அண்ணன் பெயரைப் பதிந்தார். அந்த வீட்டில் நிலம், வண்டி, கேஸ் கனெக்ஷன் எல்லாமே அண்ணன் பெயரில்தான். யோசிக்கவே இல்லை அவர்.

"யாளிக்கே ஆதார் கார்டு போட்டுட்டாரா!" என்றான் என் மகன் சுரேஷ்குமார். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் விடியலில் அந்த அண்ணன் வீட்டு வாசலில் நாய்ச் சங்கிலி மட்டும் கிடந்தது. ஈர மண்ணில் முறம் அளவுக்குக் காலடித் தடங்கள். யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வீட்டைத் தேடி வந்திருக்கிறது. தம்பிக்குப் புரிந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் மருந்தோடு மண்டபத்துக்குப் போனார். மருந்து போட்டால் அங்கேயே படுத்துக்கொள்ளும். புண் மட்டும் ஆறவே இல்லை.

மூன்று வருடம். மழை, கல்யாணம், கார்த்திகை தீபம்... ஒரு நாள் தவறவில்லை. முழங்கை வரை தழும்பு. கேட்டால் நாய்க்கடி என்பார். ஒருநாள் ஜுரத்தில் பிதற்றியபோதுதான் அண்ணனுக்கே விஷயம் தெரிந்தது.

"ஜுரத்துலயா?" அபிநயாவின் குரல் இறங்கியிருந்தது. "அப்பா... சித்தப்பா கையிலயும் அந்தத் தழும்பு..."

வாசல் கேட் அருகே...

கட... கட... கட...

பிறகு கற்பூர வாடை.

எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினேன். தம்பியின் பையிலிருந்து மருந்துப் பாட்டிலை எடுத்தேன்.

"யாரும் வெளிய வரக் கூடாது. என் பேர்ல இருக்கறத நான்தான் பாக்கணும்."

தாழ்ப்பாளில் கை வைத்தபோது உள் அறையிலிருந்து தம்பி புகழேந்தியின் குரல் வந்தது. களைத்துப்போன, தூக்கம் கலையாத குரல்.

"அண்ணே... எடது பக்கம் பல்லு ஜாஸ்தி. கைய வலது பக்கமா உடுங்க."