இடப்பக்க இருக்கை

பழைய வண்டி பார்க்க வருகிறவர்கள் முதலில் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். உதைத்தால் டயர் என்ன சொல்லிவிடும் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. நீங்கள் உதைக்கவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்து, முன்கண்ணாடியின் இடப்பக்கத் தூணை விரலால் தடவி, "இந்த ரெண்டு ஓட்டை எதுக்குங்க?" என்று கேட்டீர்கள். நரின் ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அனுப்புவது முறையல்ல. எங்கள் அப்பா குதிரை விற்றவர். உதைக்கிற குதிரை என்றால் உதைக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் கயிற்றைக் கையில் கொடுப்பார். மறைத்து விற்ற குறை விற்றவன் வாசலிலேயே கட்டிக் கிடக்கும் என்பார்.

டீ எடுத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் அந்தப் பக்கம் இருக்கிறது.

வலப்பக்க ஸ்டியரிங் உங்களுக்கும் புதிதல்ல. ஜப்பானில் சாலையின் இடப்பக்கம் ஓடிய வண்டி, நம் நாட்டுக்கு வந்து வலப்பக்கம் ஓடுகிறது. முன்னால் லாரி போனால் ஓட்டுகிறவனுக்கு அதன் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. எதிரே வருவது இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குத்தான் தெரியும். அவன் 'போ' என்றால் முந்துகிறோம். 'இரு' என்றால் இருக்கிறோம். பக்கத்தில் இருப்பவன் வாயை நம்பி எத்தனை பேர் தினமும் எதிர்ப்பாதையில் இறங்குகிறோம் என்று நினைத்தால் ஆச்சரியம்தான்.

இந்த வண்டியை முன்பு வைத்திருந்தவர் தனியாகவே போய்வருபவர் போலும். அந்தத் தூணில் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றை இரண்டு திருகில் பூட்டியிருந்தார். உள்ளே சாய்த்து வைத்த கண்ணாடிகள். லாரிக்கு அப்பால் எட்டிப் பார்த்து, எதிரே வருவதை ஓட்டுகிறவன் பக்கம் திருப்பிக் காட்டும். நான்தான் அதைக் கழற்றினேன். கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆடியது உண்மை. திருகை முடுக்கியிருந்தால் நின்றிருக்கும்.

பிஷ்கெக் சந்தையில் வண்டியை வாங்கும்போது கூட வந்தவர் என் அண்ணன் மேலிஸ். ஊரில் பாசன நீரைப் பங்கிடுகிற வேலை அவருக்கு. யார் வயலுக்கு எப்போது மடை திறக்கும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் வரை ஊரே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருக்கும். அன்று சந்தையில் வண்டியைச் சுற்றி வந்து சிரித்தார்.

"டேய் கலிஸ், இது வண்டியா, கெழட்டுக் கழுதையா? முட்டியெல்லாம் ஆடுதேடா."

"ஓடும் அண்ணே."

"ஓடும் ஓடும். பின்னால நாலு பேர் தள்ளினா எங்க வீட்டுக் கட்டில்கூட ஓடும்."

சாவியைத் திருப்பினால் ஒரு ஜப்பான்காரப் பெண்ணின் குரல் ஏதோ சொல்லும். நீங்களும் கேட்டீர்களே. என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் கையை மார்பில் வைத்து அவளுக்குத் தலை குனிந்தார். "பாருடா, உன் பொண்டாட்டி ஒரு நாளாச்சும் உன்கிட்ட இவ்வளவு மரியாதையாப் பேசியிருக்காளா?"

நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையோங்கியதில்லை, ஏமாற்றியதில்லை.

வண்டி பல வருஷங்களாகக் கவனிப்பில்லாமல் கிடந்தது. பனி உருகியதிலிருந்து கோடை பிறக்கும் வரை நான் அதற்கு விட்டுப்போன வேலையெல்லாம் பார்த்தேன். எண்ணெய் தார் மாதிரி இருந்தது. இரண்டு தடவை மாற்றினேன். டைமிங் பெல்ட் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அதோடு வாட்டர் பம்பையும் மாற்றினேன். பிரேக் பேட், பிரேக் குழாய், டை ராட் முனைகள், முன் சக்கரத்துப் பேரிங், நான்கு ஷாக் அப்சார்பர். ஸ்டியரிங்கில் ஒரு விரற்கடை ஆட்டம் இருந்தது, அதையும் எடுத்தேன். அண்ணன் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே பார்ப்பார். "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு அலங்காரம் இல்லடா," என்பார். இடப்பக்க இருக்கையின் பெல்ட் கொக்கியில் மாட்டாது. அந்தக் கொக்கி சந்தையில் கிடைக்கவில்லை என்று சொன்னேன். தேடவில்லை என்பதுதான் சரி. இப்போது போட்டாயிற்று. இழுத்துப் பார்த்தீர்கள், நன்றாகப் பிடிக்கிறது.

வேலை முடிந்த அன்று அண்ணி அனிபா சட்டுவத்தில் தணலெடுத்து, ஜூனிப்பர் இலையைப் போட்டு, வண்டியைச் சுற்றிப் புகை காட்டினாள். கண்ணேறு கழியட்டும், போகிற பயணமெல்லாம் நல்லபடியாக வெள்ளை வழி அமையட்டும் என்றாள். நாங்கள் எல்லோரும் உள்ளங்கையை விரித்து முகத்தில் ஒற்றிக்கொண்டோம். நானும்தான். திலெக் புகைக்குள் நின்று தும்மினான்.

திலெக் என் மகன். அண்ணன் வீட்டில் வளர்ந்தான். நம்மில் இது நடப்பதுதான். உங்கள் உறவிலும் ஒரு வீடாவது இருக்கும். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு முதல் பிள்ளை பிறந்தபோது அப்பா உயிரோடு இருந்தார். "உனக்கு இன்னும் பொறக்கும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. என் மனைவி மைரம் பிள்ளையைத் துணியில் சுற்றி அனிபாவின் மடியில் வைத்துவிட்டு வந்து, பால் வற்ற மார்பைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு படுத்தாள். பிறகு எனக்குப் பெண்கள் பிறந்தார்கள். அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது.

பையனிடம் ஒரு நாள் சொல்லிவிடுவதாக அண்ணன் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளையைத் திருப்பிக் கேட்கவில்லை நான். பெற்றவன் யாரென்று அவனுக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் கேட்டேன். "இருடா, பள்ளிக்கூடம் போகட்டும்," என்றார். போனான். "இருடா, சுன்னத் ஆகட்டும்." ஆயிற்று. "மீசை மொளைக்கட்டும். ஆம்பளையா நின்னு கேக்க வேணாமா?" மீசையும் முளைத்தது. அடையாள அட்டை எடுக்கும் வயது வந்தபோது நான் அவரைத் தேடி வாய்க்கால் மேட்டுக்கே போனேன்.

"அண்ணே, அட்டையில பேரு ஏறறதுக்கு முன்னாடி சொல்லிடு."

மடைப் பலகையில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார். "வேளை வரும்டா. வேளைக்கு முன்னாடி தண்ணி பாய்ச்சினா பயிரு அழுகிடும். இரு."

அட்டை வந்தது. மேலிஸ் உலு திலெக். மேலிஸின் மகன் திலெக். பையன் அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் முதலில் ஓடி வந்தான். "போட்டோ நல்லாருக்கா சித்தப்பா?" நல்லாயிருக்கு என்றேன். அந்த மாதம்தான் வண்டி வாங்கப் போனோம்.

அந்தக் கண்ணாடிப் பெட்டி இருந்தால் எதிரே வருவதை நானே பார்த்துவிடுவேன். நானே பார்த்துவிட்டுப் போனால் அது என் செயல் ஆகிவிடும். அதனால்தான் கழற்றினேன். மற்றதையெல்லாம் ஏன் அவ்வளவு ஒழுங்காகப் பழுது பார்த்தேன் என்பதும் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். வண்டியின் மேல் பழி விழுந்தால், வண்டியைப் பார்த்துக்கொண்டவன் மேலும் விழும்.

புல் அறுத்துக் கட்டி முடித்த காலம். திலெக்குக்குக் குளிர்காலக் கோட்டு வாங்க பலிக்சி ஊருக்கு நானும் அண்ணனும் புறப்பட்டோம். அண்ணன் இடப்பக்கம். மூக்குக் கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. போட்டால் கிழவன் மாதிரி தெரியும் என்று போடமாட்டார். ஆனாலும் தூரத்துப் பார்வை அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. படிக்கத்தான் அது தேவை. இது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

நான் நியாயமாகவே நடந்துகொண்டேன். வழியில் கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

"அண்ணே, கோட்டு குடுக்கறப்ப அவன்கிட்ட சொல்லிடலாமா?"

"இருடா. படிப்பு முடியட்டும். என்ன அவசரம், பையன் எங்க ஓடியா போறான்?"

முன்னால் புல் கட்டுகளை வானம் முட்ட ஏற்றிய லாரி போய்க்கொண்டிருந்தது. நான் நெருங்கினேன். அண்ணன் கழுத்தை நீட்டிப் பார்த்து, "இரு," என்றார். பிறந்ததிலிருந்து கேட்ட குரல் அது. ஒரு 'இரு' என்றால் எதிர்வண்டி தூரத்தில். 'இரு, இரு' என்றால் பாதி வழியில். அவசரமாக மூன்று வந்தால் மிக அருகில். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணால்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

"இரு இரு இரு."

இடப்பக்கம் திருப்பினேன். பிறகு உடனே வலப்பக்கம். ஸ்டியரிங்கில் ஆட்டமே இல்லை, நினைத்த இடத்தில் திரும்பியது. நடுவில் அவர் என் பெயரைச் சொன்னார். கோபமாக இல்லை. வீட்டில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டால், நீதானா என்று கேட்போமே, அந்த மாதிரி.

எதிரே வந்த டேங்கர் லாரிக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தோள்பட்டை மட்டும் விலகியது. இடப்பக்க முன்கதவும் மட்கார்டும் வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டவை. வெயிலில் பார்த்தால் நிறம் ஒரு துளி மாறித் தெரியும்.

அண்ணன் 'போ' என்றார், போனேன் என்று விசாரித்தவர்களிடம் சொன்னேன். வண்டியைச் சோதித்தார்கள். பிரேக், டயர், ஸ்டியரிங், எதிலும் குறையில்லை. வந்த அதிகாரி என் நல்ல தோளைத் தட்டி, "பழைய வண்டியை இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கறவனை நான் பார்த்ததில்லப்பா," என்றார். தூணில் இருந்த இரண்டு ஓட்டைகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்காகத்தான் அவற்றை அடைக்காமல் வைத்திருந்தேன்.

சாவு வீட்டில் யுர்த் கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் கோலூன்றிக் குனிந்து நின்று, வருகிறவர்கள் காதில் விழும்படி அழ வேண்டும் அல்லவா. தம்பி என்பதால் நான் நின்றேன். மகன் என்பதால் திலெக் என் பக்கத்தில் நின்றான். "என்னைப் பெத்த அப்பா, என்னைப் பெத்த அப்பா" என்று அழுதான். தோள் என் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் அனிபா என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். "கண்ணாடியப் போடுய்யா, போடுய்யான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் கலிஸ். கேட்டாரா அந்த மனுஷன்? உன்னையும் சேத்துக் கொல்லப் பாத்தாரே. மனசுல வெச்சுக்காத தம்பி." வைத்துக்கொள்ளவில்லை அண்ணி என்றேன். அவளுக்கு நானே டீ ஊற்றிக் கொடுத்தேன்.

வருஷ நினைவு விருந்தில் குதிரை அறுத்தோம். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் திலெக் எழுந்தான். ஒரே வருஷத்தில் என் உயரம் வந்துவிட்டான். என் நெற்றி, என் காது. ஊர் முழுக்க அது தெரியும், அவனைத் தவிர.

"சித்தப்பா, எங்கப்பா அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டாரு. அவர் தப்பு இனிமே என் தப்பு. எங்க ரெண்டு பேரையும் மன்னிச்சிருங்க. அவர் பேருதான் எனக்கு இருக்கு. அதுல கறை வேணாம்."

நான் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்வது. சொல்ல வேண்டியவர் மண்ணுக்குள் போய்விட்டார். இனி நான் வாய் திறந்தால் செத்தவனிடம் திருடியவன் ஆவேன். அண்ணன் உயிரோடு இருந்தபோது ஒரு பாதி என்னுடையவனாக இருந்த பையன், இப்போது முழுக்க அவருடையவன். அதை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். வண்டியில் அவ்வளவு யோசித்தவன், இதை விட்டுவிட்டேன்.

வண்டியில் இப்போது ஒரே ஒரு குறை உண்டு. இடப்பக்கம் ஆள் இல்லாவிட்டாலும், பெல்ட் போடச் சொல்லும் சிவப்பு விளக்கு எரியும். கொக்கியை மாற்றினேன், இருக்கைக்கு அடியில் இருக்கும் சென்சாரை மாற்றினேன், ஒயரை முழுக்கப் புதிதாக இழுத்தேன். எரிகிறது. எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்துவிட்டு, "யாரோ ஒக்காந்திருக்காங்கன்னு நெனைக்குது அண்ணே, பழைய வண்டி, விடுங்க," என்றான். மைரம் அந்த இருக்கையில் உட்காருவதில்லை. சொல்லாமலே பின்னால் ஏறிக்கொள்கிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

லாரி ஏதாவது முன்னால் வந்துவிட்டால் நான் முந்துவதில்லை. ஊர் வரைக்கும் அதன் பின்னாலேயே போகிறேன். இடப்பக்கத்திலிருந்து 'இரு' என்று கேட்கிறது. நிதானமான குரல்தான், தொந்தரவு இல்லை. அதனால் இந்த ஒரு வருஷமும் எஞ்சினுக்குச் சிரமமே கொடுக்காமல் ஓடியிருக்கிறது. வாங்குகிறவருக்கு அது லாபம்.

திலெக்கிடம் சொல்லிவிட்டேனா என்று கேட்கிறீர்கள். சொல்வேன். ஏன் சொல்லாமல்? இப்போதுதானே அப்பனைப் பறிகொடுத்திருக்கிறான். படிப்பு முடியட்டும். எதற்கும் ஒரு வேளை வர வேண்டும்.

அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னறையில் துணியில் சுற்றி இருக்கிறது, இரண்டு திருகும் சேர்த்து. வண்டியோடு அதுவும் உங்களுக்கு.

டீ ஆறிவிட்டது, விடுங்கள். எழுந்திருங்கள், பெரிய ரோடு வரை ஒரு சுற்று ஓட்டிக் காட்டுகிறேன். நீங்கள் இடப்பக்கம் ஏறுங்கள். இந்த நேரத்தில் நிலக்கரி லாரிகள் வரும். எதிரே பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் 'இரு' என்றால் இருப்பேன். பக்கத்தில் இருப்பவர் பேச்சை நான் தட்டியதே இல்லை.