மேல்தண்ணீர்

கடலோரக் கிணற்றில் தண்ணீர் மொள்ள ஒரு பக்குவம் இருக்கிறது, ஐயா. இரவெல்லாம் யாரும் தொடாமல் கிடந்த கிணற்றில் நல்ல தண்ணீர் மேலே நிற்கும். உப்பு அடியில் கிடக்கும். விடியலில் வாளியைச் சத்தமில்லாமல் இறக்கி மேலோடு மொண்டால் இளநீர் மாதிரி இருக்கும். ஊரே இறைத்து ஓய்ந்த பிறகு வாளியைத் தொப்பென்று போட்டுக் கலக்கி மொண்டால் வாயில் வைக்க முடியாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். மந்திரமூர்த்தி சாருக்குத் தெரியாது. அவர் கயத்தாறு பக்கம். அங்கே கிணறுகள் ஆழம், எப்போது இறைத்தாலும் ஒரே தண்ணீர்தான்.

நீங்கள் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ஓடைக்கு மேலே இருக்கும் ரசாயனக் கம்பெனியிடம் அவர் கைநீட்டிவிட்டார் என்று ஊரில் பேசுகிறார்கள். அந்தக் கம்பெனி வாசலில் அவர் ஒரு டீ கூடக் குடித்ததில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. மெதுவாகத்தான் சொல்வேன்.

அவர் ஊராட்சி ஒன்றியத்தில் சுகாதார ஆய்வாளர். கடற்கரைக் கிணறுகளின் தண்ணீரைப் போத்தலில் பிடித்துச் சோதனைக்கு மெட்ராசுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. எல்லா ஊருக்கும் அவரால் போக முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்று எங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று வீட்டில் இருந்தேன். சாமியார் என் பெயரைச் சொன்னார். எங்கள் கோயில்குடியிருப்பும் பக்கத்து ஓடைக்கரையும் என் பொறுப்பில் வந்தன. போத்தலை அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே அலசிவிட்டு நிரப்ப வேண்டும், ஊர்ப் பெயர் எழுதி நூலால் கட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எழுபத்து நாலாம் வருஷக் கோடை. ஒன்றியத்தில் ஆற்றுத் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு ஊருக்குத்தான் நிதி இருந்தது. எந்த ஊர்த் தண்ணீர் மோசமோ அந்த ஊருக்கு என்று கூட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள். நியாயமான முடிவு. கம்பெனிக் கழிவு ஓடையில் இறங்கி ஓடைக்கரைக் கிணற்றில் ஊறுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஒன்றியத்துக்குக் காகிதம் வேண்டும். ஓடைக்கரைப் பெண்கள் அதை வைத்துக் கிண்டல் செய்வார்கள்.

"எங்க தண்ணிய மெட்ராசுல இருக்கவன் குடிச்சுப் பாத்துச் சொல்லணுமாம். நாங்க குடிச்சுட்டு வாந்தி எடுத்தா அது கணக்குல வராதாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டே சிரிப்பேன்.

அந்த ஊர்க் கிணறு பிலோமினா வீட்டுக்கு நேர் எதிரே. அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தோம். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் என் பாவாடையில் கறை பட்டுவிட்டது. பின்வரிசையில் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை. தன் தாவணியை அவிழ்த்து என் இடுப்பில் சுற்றிவிட்டு, புத்தகப் பையை மார்போடு அணைத்தபடி கடைத்தெரு வழியாக என் கூடவே வீடு வரை நடந்தாள். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. சிரித்தவர்களை நான் அந்த வருஷமே மறந்துவிட்டேன். பிலோமினா அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. பேசாததாலேயே அவளுக்கு அது நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அதனால் ஓடைக்கரைக்கு நான் ஆள் எழுமுன்பே போனேன். பிலோமினா முகத்தைப் பார்க்கும் கூச்சம்தான் காரணம். விடியலில் வாளியை மெல்ல இறக்கி மேல்தண்ணீரை மொண்டு போத்தலில் அடைத்தேன். அன்று சாயங்காலம் எங்கள் கிணற்றில் பெண்கள் இறைத்துப் போன பிறகு, வாளியை நான்கைந்து தடவை அடிவரை போட்டுக் கலக்கி, அந்தத் தண்ணீரைப் பிடித்தேன். இதற்குக் கூச்சம் காரணமில்லை. எங்கள் ஊர்ப் பெண்களும் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அல்லாடினார்கள், அவர்களுக்கும் குழாய் வந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். ஒரு போத்தலிலும் நான் பெயரை மாற்றவில்லை. அந்தந்த ஊர்ப் போத்தலில் அந்தந்த ஊர்த் தண்ணீர்தான் இருந்தது.

முடிவு வந்ததும் மந்திரமூர்த்தி சார் ஆச்சரியப்பட்டார். "ஏம்மா, ஓடைக்கரைத் தண்ணி நல்லா இருக்காமே. உங்க ஊருதான் மோசமாம்" என்றார். இன்னொரு தடவை பிடித்து அனுப்பலாமா என்று யோசித்தார். கூட்டத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. குழாய் எங்களுக்கு வந்தது. திறந்த அன்று என் அம்மா குழாயடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள்.

அடுத்த கோடையில் ஓடைக்கரையில் பிள்ளைகளுக்கு வயிறு கெட்டது. பிலோமினாவுக்கு அப்போது கைக்குழந்தை, வளன் என்று பெயர். அவள் புருஷன் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். எங்கள் குழாய்க்கு அவர்கள் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கோடையில் குழாய் நூலாகத்தான் விழும், எங்கள் பெண்களே அடித்துக்கொள்வார்கள். வந்தவர்கள் இரண்டு நாளில் திரும்பிவிட்டார்கள்.

மந்திரமூர்த்தி சார் இந்த முறை ஓடைக்கரையை மட்டும் பிடிக்கச் சொன்னார். தண்ணீர் கெட்டிருக்கிறது என்று காகிதம் வந்தால் போதும், எங்கள் குழாயிலிருந்தே கிளை இழுத்துவிடலாம், ஒன்றியத் தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார். ஒரு வாரத்தில் காகிதம் வந்தது. தண்ணீர் நல்லது என்று வந்தது. கிளைக்கு வைத்திருந்த நிதி வேறு ஊருக்குப் போயிற்று.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆபீசில் தண்ணீர் நல்லது என்று சொல்லிவிட்டதால் பிலோமினா பாலைச் சந்தேகப்பட்டாள். பாலை நிறுத்திவிட்டு அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே கஞ்சி காய்ச்சி வளனுக்கு ஊட்டினாள். தாகம் என்று அழுதபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொல்லி மற்றத் தாய்மாருக்கும் சொன்னாள். வளனையும் சேர்த்து ஓடைக்கரையில் நான்கு பிள்ளைகள் இறந்தன. நான் நான்கு அடக்கத்துக்கும் போனேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்களோடு பின்னால் நின்றேன். பிலோமினா என்னைப் பார்த்து, "பாலு குடுத்துக் கெடுத்துட்டேன் ஏளா" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இல்லை என்று சொல்லவில்லை.

நீங்களே வந்து தண்ணீர் பிடித்துப் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. இரண்டு காகிதமும் பொய் என்றீர்கள். முதல் காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இரண்டாவதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

அந்தத் தடவையும் நான் விடியுமுன்பேதான் போனேன். பிலோமினா எனக்கு முன்பே கிணற்றடியில் காத்திருந்தாள். சார் சொல்லி அனுப்பியிருந்தாராம். "ஏளா ஞானம், இவனக் கொஞ்சம் பிடி. நான் எறச்சுத் தாரேன். அடியில கெடக்கதத்தானே நாங்க குடிக்கோம், அதப் பிடிச்சுட்டுப் போ" என்றாள். வளனை என் கையில் கொடுத்தாள். உடம்பு அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. அவள் கை ஓயும்வரை இறைத்து இறைத்து வெளியே கொட்டினாள். கலங்கி மஞ்சளாக வந்த பிறகு போத்தலை அலசி அவளே நிரப்பி மூடினாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு, "பத்திரமாக் கொண்டுபோ" என்றாள்.

நான் பத்திரமாகத்தான் கொண்டுபோனேன். வழியில் ஒரு விஷயம் புரிந்தது. போன வருஷம் நல்ல தண்ணீர், இந்த வருஷம் கெட்ட தண்ணீர் என்றால் எப்படி என்று கேட்பார்கள். யார் பிடித்தது என்று கேட்பார்கள். பத்துப் பேர் நடுவில் நிறுத்திக் கேட்பார்கள். பிலோமினாவும் நிற்பாள்.

எங்கள் குழாயடியில் அந்நேரம் யாரும் இல்லை. அவள் பிடித்துத் தந்த தண்ணீரை மணலில் ஊற்றினேன். போத்தலை மூன்று முறை அலசிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். ஓடைக்கரை என்று எழுதிக் கட்டினேன். என் கையில் வளனின் சூடு இன்னும் இருந்தது.

அப்போது ஒன்றும் யோசிக்காமல் செய்துவிட்டாள் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம், ஐயா. யோசித்தேன். இந்த ஒரு வருஷம் கழிந்துவிட்டால் போதும், அடுத்த வருஷம் அவர்களுக்குச் சரியாகப் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் யோசித்தேன்.